சுவரில் கடல் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு

2023 ஜனவரியில், உப்புநீர் மீன் தொட்டி ஒன்றைச் சுவருக்குள் வைப்பதற்காக, எங்கள் ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் இருந்த சுவரை ஆறடி நீளத்துக்கு இடித்தோம். அன்று நோட்டில் மொத்தச் செலவு நாலரை லட்சம் என்று எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் இப்போது நிற்கும் தொகை 7,85,000. அதில் சுமார் 1,90,000 ரூபாய், ஒரு முறை செய்ததையே உடைத்து மறுபடி செய்ததற்கும், என் தப்பால் செத்துப்போன உயிர்களுக்கும் போனது. பணத்தைக்கூட ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டேன். அந்த உயிர்கள் விஷயம் இன்னும் மனதில் உறுத்துகிறது.

சென்னையில் கடல் மீன் வளர்ப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் சுவருக்குள் பெரிய தொட்டி வைத்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் வெளிநாட்டு வீடுகள். மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர், கீழே நிலவறை, அங்கே ஒரு பம்பு. நம் செங்கல் சுவருக்கும், போர் தண்ணீருக்கும், மே மாத வெயிலுக்கும், கரண்ட் கட்டுக்கும் அதில் பதில் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எடை. என் தொட்டி ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். 850 லிட்டர் பிடிக்கும். 15 மி.மீ. கண்ணாடி, பாறை, மணல், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1,200 கிலோ. வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குத்தான் கணக்கிட வேண்டும் என்கிறது கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875. என் தொட்டி நிற்கும் இடம் ஒன்றரைச் சதுர மீட்டர்கூட இல்லை. மாடியில் வைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீர்கள். எங்களுடையது தரைத்தளம்தான். ஆனாலும் டைல்ஸுக்குக் கீழே இருப்பது கொட்டி நிரப்பிய மணல், அது நாளடைவில் இறங்கும் என்று இன்ஜினியர் சொன்னார். கெட்டித்தரை வரை தோண்டித் தனியாக அஸ்திவாரம் போட்டோம். இடித்த திறப்புக்கு மேலே புதிதாக லிண்டல் போட்டு, சுவரின் பாரம் ஒரு துளிகூடத் தொட்டிமேல் இறங்காதபடி செய்தோம். அவருக்குக் கொடுத்தது 6,000 ரூபாய். மொத்தச் செலவில் இதைவிடப் பயனுள்ள பணம் வேறு இல்லை.

தொட்டிக்கு அடியில் செங்கல் தூண் கட்டி, கொத்தனார் இரண்டு கடப்பா கல்லைப் போட்டுவிட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால், இரண்டு கல்லும் சேருமிடத்தில் மூன்று மி.மீ. மேடு. "சிமெண்டு பூசிச் சரி பண்ணிடலாம் சார்" என்றார். கண்ணாடியின் அடியில் ஒரே புள்ளியில் பாரம் விழுந்தால் அன்றைக்கு உடையாது, ஆறு மாதம் கழித்து ராத்திரியில் உடையும். கல்லை எடுத்துவிட்டுக் கம்பி கட்டி ஒரே பலகையாகக் கான்கிரீட் போட்டோம். அதன்மேல் 20 மி.மீ. தெர்மாகோல் விரித்துத்தான் தொட்டியை ஏற்றினோம். பத்து நாள் தாமதம், ஆனால் இதில் வருத்தமில்லை.

வருத்தப்படும் விஷயம் பரண். ஸ்டோர் ரூமில், தொட்டிக்கு நேர் மேலே, ஆறரை அடி உயரத்தில் பழைய கான்கிரீட் பரண் ஒன்று இருந்தது. தொட்டியின் விளிம்பு ஐந்தடி இரண்டு அங்குலம். நடுவில் 16 அங்குலம் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். விளக்கைத் தொங்கவிட்டதும் மிச்சம் ஒன்பது அங்குலம். ஸ்டூலில் ஏறினால் தலை பரணில் இடிக்கிறது. என் கை தோளிலிருந்து விரல் நுனி வரை 28 அங்குலம். ஹால் பக்கக் கண்ணாடியோ, நான் நிற்கும் பக்கத்திலிருந்து 30 அங்குலம் தள்ளி, 24 அங்குலம் ஆழத்தில் முடிகிறது. அதன் கீழ் மூலையில் பாசி பிடித்தால் என் கை அங்கே போகவே போகாது. சாதாரணத் தொட்டி என்றால் முன்பக்கம் வந்து கைவிடலாம். சுவருக்குள் வைத்துவிட்டால் பின்னாலிருந்து மட்டும்தான் வழி. நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். சுவரை இடிக்கும் முன், அதே உயரத்தில் அதே அளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, ஸ்டூலில் ஏறி, எதிர்மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து எடுத்துப் பாருங்கள். மேலே இரண்டடி, பின்னால் நிற்க மூன்றடி இல்லையென்றால் தொட்டியின் அகலத்தைக் குறையுங்கள். நான் ஒரு மதிய நேரம் இதைச் செய்திருந்தால் போதும்.

அடுத்தது குழாய் வேலை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி இருக்கும். அதை சம்ப் என்பார்கள். வீட்டு வாசலில் இருக்கும் சம்ப் இல்லை. மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும், அங்கே சுத்தமாகும், பம்பு திரும்ப மேலே ஏற்றும். இறங்குவதற்கு நான் மூன்று குழாய் வைத்தேன். ஒன்றில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிறைந்து இறங்கும், அதன் வேகத்தை கேட் வால்வால் திருத்தலாம். இரண்டாவதில் கொஞ்சமாக வழியும். மூன்றாவது சும்மா காய்ந்தே இருக்கும், முதல் இரண்டும் அடைத்தால் மட்டும் வேலை செய்யும். சத்தமே வராது. ஹாலில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த முறையைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். முதல் குழாய்க்கு பால் வால்வு வேண்டாம். இம்மி திருப்பினால் தண்ணீர் மட்டம் இரண்டு அங்குலம் ஏறி இறங்கும். பிளாஸ்டிக் கேட் வால்வு கிடைக்க அலைந்தேன், 3,800 ரூபாய். இன்று வரை ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை வந்தது அளவில். கண்ணாடி ஓட்டையில் மாட்ட நான் வரவழைத்த டேங்க் நிப்பிள் அங்குலக் கணக்கில் வந்தது. பிளம்பர் கொண்டுவந்த பைப் மி.மீ. கணக்கில். ஒன்றரை அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., நம்மூர் விவசாய பைப் 50 மி.மீ. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் வேறு வேலையாக வெளியே போயிருந்தேன். அவர் பைப்பின் முனையை நெருப்பில் காட்டி, இளக்கி, அழுத்திப் பொருத்தி, சொல்யூஷன் தடவிவிட்டார். போர் பைப்பில் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறாராம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மோட்டார் ரூமுக்கு அது தாங்கும். இங்கே மூன்றாவது வாரத்தில் அந்த இணைப்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தது. சொட்டு கண்ணுக்கே தெரியவில்லை, உப்புதான் காட்டிக்கொடுத்தது. மூன்று குழாயையும் அறுத்து எறிந்து, ஒரே அளவு முறையில் எல்லாம் வாங்கி மறுபடி போட 14,000 ரூபாய். நிப்பிள், பைப், எல்போ, வால்வு, திருகிக் கழற்றக்கூடிய யூனியன் அத்தனையையும் ஒரே கடையில், ஒரே அளவு முறையில், ஒட்டாமல் தரையில் கோத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பம்புக்கு இரண்டு பக்கமும், ஒவ்வொரு வால்வுக்கு அருகிலும் யூனியன் போடச் சொல்லுங்கள். யூனியன் இல்லாத இடத்தில் எதைக் கழற்ற வேண்டுமென்றாலும் ரம்பம்தான்.

தண்ணீரைப் பற்றி ஒன்றே ஒன்று. எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,400. வீட்டில் ஏற்கெனவே ஆர்.ஓ இருக்கிறதே என்று அதில் பிடித்து நிரப்பினேன். வீட்டு ஆர்.ஓ இயந்திரம் பலவற்றில் ருசிக்காகப் பழைய தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று உண்டு. அதை நான் கவனிக்கவில்லை. நிரப்பி, 35 கிலோவுக்கு மேல் உப்பைக் கரைத்த பிறகுதான் அளந்து பார்த்தேன். பாதித் தண்ணீரைக் கீழே விட்டேன். அப்புறம் தனியாக ஆர்.ஓ-வும், அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினும் வைத்து, மீட்டரில் பூஜ்யம் வந்தால்தான் தொட்டிக்கு என்று வைத்துக்கொண்டேன்.

தண்ணீர் பக்குவமாக ஆறு வாரம் விட்டு, ஏப்ரல் கடைசியில் மீன் விட்டேன். அந்தச் சமயத்தில் ஒரு வியாபாரி கிளை கிளையாக இருந்த கல் பவளம் ஒன்றைக் காட்டி, "எல்லாரும் வெச்சிருக்காங்க சார்" என்றார். கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிபட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆனால் நான் வேண்டாம் என்றதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. என் அம்மா ஊர் தூத்துக்குடி பக்கம். சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறையும், லெதர், மஷ்ரூம், ஜோவாந்தஸ் போன்ற மெல்லுடல் பவளங்களும்தான். அவையும் பில்லோடு, நண்பர்கள் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுகளாகக் கிடைத்தால்தான் வாங்குவேன்.

மே மாதம் வந்தது. தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரமான அரை எச்.பி. சில்லரை ஸ்டோர் ரூமுக்குள்ளேயே வைத்திருந்தேன். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை எங்கே கொட்டும்? அதே அறையில்தான். கதவு மூடிய அறை 38 டிகிரிக்குப் போனது. சில்லர் நிற்கவே இல்லை, தண்ணீரோ 29.5-க்குக் கீழே இறங்கவில்லை. பவளங்கள் சுருங்கிக்கொண்டன. தினமும் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் ஆவியாகி, பூச்சு ஊறி, ஸ்டோர் ரூம் சுவரில் பெயிண்ட் உரிந்தது. என் மனைவி அங்கே வைத்திருந்த அரிசி டின் துருப்பிடித்தது. இரண்டு மாதக் கரண்ட் பில் 4,000-லிருந்து 11,500 ஆனது. வீட்டில் பேச்சு குறைந்துபோன நாட்கள் அவை. அவள் கேட்டது ஒரே கேள்வி: "என்னங்க, இது எப்ப முடியும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஜூனில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, சில்லரை வீட்டுக்குப் பின்னால் சந்தில் நிழலில் வைத்தோம். ஒரே வாரத்தில் 26 டிகிரி வந்துவிட்டது. சில்லருக்கு வெளியே இடமும், அந்த அறைக்குக் காற்றோட்டமும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் அந்த மாற்றத்தில்தான் மோசமான ஒன்றும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலையில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்று, புழுக்கத்தில் எழுந்து காலைக் கீழே வைத்தேன். தண்ணீர். ஹால் முழுக்கத் தண்ணீர். பம்பு நின்றதும், மேலே ஏற்றும் குழாயே தலைகீழாக வேலை செய்து தொட்டித் தண்ணீரைக் கீழே உறிஞ்சிவிடும். இது எனக்குத் தெரியும். அதற்காகவே குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மூன்று மி.மீ. துளை போட்டிருந்தேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அதில் காற்றுப் புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். ஆரம்பத்தில் இரண்டு முறை சோதித்தபோது அழகாக நின்றது. மூன்றே மாதத்தில் அந்தத் துளையைப் பாசி அடைத்துவிட்டது. தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் இருந்தது, அதன் மூடியில் உப்பும் பாசியும் ஒட்டிச் சரியாக மூடவில்லை. குழாய் வாய் நீருக்குள் நாலு அங்குலம் இருந்தது. என் தொட்டியில் ஒரு அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 35 லிட்டர். அப்படியென்றால் 140 லிட்டர் கீழே வரும். சம்பில் மிச்சமிருந்த இடம் 80. மீதி அறுபது லிட்டர் உப்புத்தண்ணீர் தரையில். எக்ஸ்டென்ஷன் போர்டு தரையில் கிடந்தது. கரண்ட் இல்லாததால் நான் உயிரோடிருக்கிறேன் என்றுதான் இன்றும் நம்புகிறேன். இருட்டில் முதலில் செய்த வேலை மெயினை அணைத்ததுதான். கரண்ட் வந்த பிறகு இன்னொன்று நடந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது: சம்பில் மட்டம் குறைந்திருக்கிறதே என்று ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் தானியங்கி நிரப்பி அறுபது லிட்டர் நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, உப்பை ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 33-க்கு இறக்கியிருக்கும்.

ஸ்டோர் ரூம் கதவும், ஹாலில் டி.வி. வைத்த மரப்பெட்டியும் அடியில் ஊறிப் போய்விட்டன. 31,000 ரூபாய். இப்போது குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஒரே அங்குலம் கீழே வைத்திருக்கிறேன். துளையையும் வால்வையும் நம்புவதில்லை, அவை இரண்டும் இல்லாவிட்டாலும் இறங்கும் தண்ணீர் அத்தனையும் சம்பில் அடங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். மாதம் ஒரு முறை, விழித்திருக்கும்போது, நானே பம்பை நிறுத்திப் பார்க்கிறேன். ப்ளக் எல்லாம் இடுப்பு உயரத்தில். ஒயர் ப்ளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து மேலேறும், தண்ணீர் ஒயர் வழியாக வழிந்து வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. ஒன்று தொட்டிக்கென்று தனியாக இருக்கிறது.

ஆகஸ்ட்டில் நத்தைகள் கவிழ்ந்து கிடக்க ஆரம்பித்தன. நிமிர்த்தி வைத்தால் மறுபடி விழும். பத்து நாளில் முப்பது நத்தை போனது. பிறகு இரண்டு கிளீனர் இறால்கள். அவை என் கை மேல் ஏறி நகத்தைச் சுத்தம் செய்யும்; காலையில் கையை விட்டால் ஓடி வரும். ஒன்று செத்த மறுநாள் மற்றதும் போனது. மீன்கள் மட்டும் நன்றாக இருந்தன, அதுதான் என்னைக் குழப்பியது. தண்ணீரை மாற்றி மாற்றி ஓய்ந்தேன். மூன்றாவது வாரம் யோசனை வந்து, தாமிரம் பார்க்கும் கிட் வாங்கிப் பார்த்தேன். நிறம் மாறியது. மீனுக்கு ஓரளவு தாமிரம் தாங்கும், ஓடுள்ளவற்றுக்கும் பவளத்துக்கும் துளி இருந்தாலே விஷம். தாமிரம் எங்கிருந்து வந்தது? சில்லரை வெளியே மாற்றியபோது பைப் சுவரைத் துளைத்துப் போனது. வளைவில் பிளம்பர் போட்டது பித்தளை மரை வைத்த எல்போ. குளியலறைக் குழாய்க்கு எல்லோரும் போடுவதுதான், வெளியே வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே பித்தளை. அதன்மேல் கொத்தனார் பூசி, பெயிண்டும் அடித்தாயிற்று. இரண்டு மாதமாகத் தொட்டித் தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரை உடைத்து எடுத்தபோது உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாறையும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். கரியும், தாமிரத்தைப் பிடிக்கும் ரெசினும் போட்டு, வாரா வாரம் தண்ணீர் மாற்றி, நவம்பரில்தான் கிட் தெளிவாகக் காட்டியது. பிளம்பரிடம் வேலை கொடுக்கும் முன், உலோகம் எதுவும் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். அது போதாது, ஒட்டும் முன் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். மரை வைத்த இணைப்புகளான எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. இரண்டும் முழுப் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். ஹோஸ் கிளிப்பும் பிளாஸ்டிக்தான். அப்புறம், பைப்பைப் பூச்சுக்குள் புதைக்காதீர்கள். அந்த எல்போ வெளியே தெரிந்திருந்தால் முதல் வாரமே நான் பார்த்திருப்பேன். இப்போது சுவரில் பெரிய ஓட்டையாக விட்டு, அதற்குள் பைப் தொளதொளவென்று போகிறது. பார்க்க அழகில்லை, ஆனால் கை போகிறது.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டு வாசல்படிக்கு ஒரு படி கீழே நின்றது. கரண்ட் 52 மணி நேரம் இல்லை. ஜூலைக்குப் பிறகு வாங்கிய இன்வெர்ட்டரில் பெரிய பம்பை ஓட்ட முடியாது. நீரைக் கலக்கும் சின்ன டி.சி. பம்பு ஒன்றை மட்டும் அதில் போட்டு, ஃபேன் லைட் எல்லாவற்றையும் அணைத்தோம். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டு வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் 900 ரூபாய்தான். தெருவில் ஆட்கள் பால் பாக்கெட்டுக்கும் குடிதண்ணீருக்கும் அலைந்துகொண்டிருக்கும்போது மீனுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தது மனதுக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் ஆர்.ஓ. டிரம்மில் தொட்டிக்காகச் சேர்த்த இருநூறு லிட்டர் இருந்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும், எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் என்று மூன்று வீடுகளுக்கு அதைக் குடத்தில் கொடுத்தாள் என் மனைவி. அதன் பிறகுதான் அவள் ஸ்டோர் ரூமுக்குள் அவளாகவே வர ஆரம்பித்தாள். அந்த இரண்டு நாளில் ஒரு சின்ன மீன் மட்டும் செத்தது.

இப்போது க்ளவுன் மீன் ஜோடி பாறையின் இடது ஓரத்தில் முட்டை வைக்கிறது. புதிதாக விட்ட நத்தைகள் கண்ணாடியில் ஏறித் திரிகின்றன, இறால் இன்னும் வாங்கவில்லை. அந்தக் கீழ் மூலைப் பாசி மட்டும் அப்படியே இருக்கிறது. பரணை வெட்டி எடுக்க ஆள் பேசியாகிவிட்டது, 18,000 கேட்கிறார். வெட்டும்போது தூசியும் கல்லும் தொட்டியில் விழாமல் இருக்க மேலே பிளைவுட் அடித்துத் தார்ப்பாய் போட வேண்டும், பம்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று தேதி குறித்திருக்கிறோம்.